பூச்சி பகையா?

நெடுநாள் காணாத நண்பர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தால், "அத்தி பூத்தாற்போல வந்தீர்களே!" என்று கூறி வரவேற்பது நம் வழக்கம். அத்தி பூத்து எவரும் பார்த்ததில்லை. ஆகையால் காண்பதற்கு அரிய ஒன்றிற்கு அதன் பூவை உவமையாகக் கூறினர் நம் முன்னோர். அத்தியைப் பற்றி மற்றொரு பழமொழியும் நம்மிடையே உண்டு. அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பது அது. புறத்தோற்றம் அழகாகவும் உள்ளம் தீயதாகவும் இருப்பவரைச் சுட்டுவதற்கு அதனை எடுத்துக் கூறுவர். காணாத பூவைப் பற்றியது ஒரு மொழி; கண்டு அருவருக்கும் பூச்சியைப் பற்றியது மற்றொரு மொழி. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொடர்பை ஆராய்ந்து பார்ப்போமாயின், பூச்சிகளைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணம் பெரிதும் மாறிவிடும்.

உண்மையில் அத்தி பூவாமல் காய்ப்பதில்லை. நாம் அத்திக்காய் என்று கூறுவதே ஒரு பூங்கொத்துத்தான். பிற மரங்களின் பூங்கொத்து வெளிமுகமாக விரியும். அத்தியின் பூங்கொத்தோ உள்முகமாகக் குவிந்து, ஒரு சிறு பையைப் போல் மூடிக்கொள்ளும். அப்பையின் உட்சுவர் முழுவதும் எண்ணற்ற நுண்ணிய பூக்கள் செறிந்திருக்கும். அவற்றிற்குக் கதிரவன் ஒளி இல்லை. காற்றின் வருகை இல்லை. காயின் நுனியில் மட்டும் ஒரு சிறு வாயில் உண்டு. அவ்வாயிலையும் செதில்கள் நெருக்கி அடைத்திருக்கும். இவ்வாறு கதவடைத்துப் பூக்கும் பூவிற்கு மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்ப்பவர் யார்?

எள்ளளவே உள்ள ஒரு குளவி அவ்வேலையைச் செய்கிறது. பூக்கள் பக்குவம் அடைந்ததும் அத்திக்காய் ஒருவகை மணத்தைக் காற்றில் பரப்புகிறது. அம்மணம் நம் மூக்கிற்கு எட்டுவதில்லை. ஆனால் பெண் குளவி அதனை அறிந்து பறந்து வருகிறது. செதில்களினூடே தன் உடலை நெருக்கி உள்ளே நுழைகிறது. அம்முயற்சியில் அதன் சிறகுகள் பெரும்பாலும் ஒடிந்துபோகும். அது திரும்பிச் செல்லப் போவதில்லை. ஆதலின் சிறகுகளால் இனி அதற்குப் பயனும் இல்லை. தான் பிறந்த மரத்திலிருந்து சுமந்து வந்த மகரந்தத்தை அது பூக்களில் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டை இடுகிறது. பின்பு அங்கேயே உயிர் துறக்கிறது. முட்டை இட்ட பூக்கள் அதன் மக்களுக்குத் தொட்டில் ஆகின்றன. எஞ்சிய பூக்கள் மரத்திற்கு வித்து ஆகின்றன.

சில வாரங்கள் சென்றபின் ஆண் குளவிகள் முதலில் வெளிப்படும். அவற்றிற்குச் சிறகு இல்லை. அவை பெண் குளவிகளுடன் கூடிய பின்னர்க் காயின் சுவரைத் துளைத்து வழி அமைத்துவிட்டு மடிகின்றன. அவ்வழியாக இளம் பெண் குளவிகள் மகரந்தத்தை ஏந்தி வெளியேறி, மணம் வீசும் வேறொரு மரத்தை நாடிப் பறக்கின்றன. அவற்றின் வாழ்நாள் ஓரிரு நாள்களே. அதற்குள் மரத்தைக் கண்டடைந்தால் குளவியின் குலமும் தழைக்கும். மரத்தின் குலமும் தழைக்கும். கண்டடையாவிட்டால் இரண்டும் இல்லை. அத்தி, ஆல், அரசு ஆகிய இனத்தைச் சேர்ந்த மரங்கள் பெரும்பாலும் தமக்கென்று தனித்தனிக் குளவி இனங்களைப் பெற்றிருக்கின்றன. இந்த உறவு தோன்றி 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பர் அறிஞர். மனித இனம் தோன்றுவதற்கு எவ்வளவோ முன்னரே எழுதாமல் எழுதப்பட்ட உடன்படிக்கை இது.

உடன்படிக்கை எனின், அதனை மீறுவோர்க்குத் தண்டனையும் இருத்தல் வேண்டுமன்றோ? அதுவும் உண்டு. பனாமா நாட்டில் வளரும் அத்தி இனங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுச்சென்ற குளவிகள் இருந்த காய்களைச் சில இன மரங்கள் முதிருமுன்னரே உதிர்த்துவிட்டன. காய் உதிர்ந்தால் அதனுள் வளரும் குளவியின் மக்களும் அழியும். கடமையைச் செய்யாதவனுக்குக் கூலி இல்லை என்று மரம் கூறுவதைப் போல் இது தோன்றுகிறது.

இப்பொழுது நம் பழமொழிகளுக்குத் திரும்புவோம். அத்தி பூப்பது அரிதன்று. நாம் காண்பதுதான் அரிது. பழத்தினுள் நாம் கண்ட பூச்சிகளுள் இக்குளவிகளும் உண்டு. அவை சொத்தையல்ல, அப்பழம் உண்டானதற்கே காரணமானவை. முன்னோரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை அவர்கள் கூறினார்கள். நுண்ணோக்காடியும் ஆய்வுக்கூடமும் பெற்ற நாமோ இன்னமும், பூச்சி என்றால் பகை, கண்டவுடன் கொல்லுதல் கடமை என்றே எண்ணி வருகிறோம். இவ்வெண்ணம் தவறானது, நமக்கே கேடு தருவது என்பது என் கருத்து.

"பூவிற்கு உதவும் பூச்சி நட்பு எனலாம். இலையைத் தின்னும் புழுவும் நட்பாகுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. புழு செடிக்குப் பகைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அப்பகையைச் செடி எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை நாம் அறிய வேண்டும். ஓடவும் இயலாது, கத்தவும் இயலாது, கையோங்கி விரட்டவும் இயலாது. ஆகவே செடி வாளா நின்று மடிகிறது என்றே நெடுங்காலம் மக்கள் நம்பினர். அந்நம்பிக்கை இன்று பொய்யாகிவிட்டது.

1972ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், உருளைக்கிழங்குச் செடியிலும் தக்காளிச் செடியிலும் ஒரு புதுமையைக் கண்டனர். வண்டு இலையைக் கடித்ததும், பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் ஒரு பொருள் இலையில் மிகுந்தது. கடிபட்ட இலையில் மட்டுமா? கடிபடாத இலைகளிலும் அது மிகுந்தது! ஓரிடத்தில் நேர்ந்த தாக்குதலின் செய்தி செடி முழுவதும் பரவிவிடுகிறது. அதன்பின் அவ்விலைகளை உண்ணும் பூச்சிக்கு வயிறு நிரம்பினாலும் உடல் வளர்வதில்லை.

இதனினும் வியப்பானது 1990ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி. மக்காச்சோள நாற்றுகளைப் புழுக்கள் தின்னும்பொழுது, சில மணி நேரத்தில் அந்நாற்றுகள் ஒரு தனி மணத்தை வெளியிட்டன. அம்மணத்தை நாடி ஒருவகைச் சிறு குளவி வந்தது. அக்குளவி புழுவின் உடலில் முட்டை இடுவது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, புழுவை உள்ளிருந்தே தின்று வளர்வது. ஆகவே, தன்னைத் தின்னும் புழுவை ஒழிக்க, அப்புழுவின் பகையை மணத்தால் அழைக்கிறது செடி! ஆராய்ச்சியாளர் இலையை வெறுமனே கீறியபொழுது அந்த அளவிற்கு மணம் எழவில்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவியபொழுது எழுந்தது. கத்தியால் நேர்ந்த புண்ணிற்கும் புழுவால் நேர்ந்த புண்ணிற்கும் உள்ள வேறுபாட்டைச் செடி அறிகிறது என்பது இதனால் விளங்கும்.

செடி அதிர்வையும் உணர்கிறது. புழு இலையைக் கொறிக்கும்பொழுது இலையில் மிக நுண்ணிய அதிர்வு உண்டாகும். அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் அவ்வதிர்வைப் பதிவு செய்து, புழு இல்லாத செடியின் இலைகளை அவ்வாறே அதிரச் செய்தனர். பின்னர்ப் புழுக்களை விட்டபொழுது, அதிர்வை உணர்ந்திருந்த செடிகள் மற்றவற்றினும் மிகுதியாகக் காப்புப் பொருளைச் சுரந்தன. காற்றினால் உண்டாகும் அதிர்வு அவ்விளைவைத் தரவில்லை. இம்முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. செடிக்குக் காதும் இல்லை, மூளையும் இல்லை. ஆயினும் புழுவின் பல்லையும் காற்றின் கையையும் பிரித்தறியும் ஆற்றல் அதற்கு உண்டு.

பூச்சியும் வாளா இருப்பதில்லை. நம் ஊர்ப் புறம்போக்கில் வளரும் எருக்கஞ்செடியைப் பாருங்கள். அதன் பால் நச்சுத்தன்மை உடையது. ஆடுமாடுகள் அதன் அருகே செல்வதில்லை. ஆனால் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி, அதன் இலையிலேதான் முட்டை இடுகிறது. அதன் புழு எருக்கிலையை உண்டு கொழுக்கிறது. நஞ்சு அதனைக் கொல்வதில்லை. மாறாக, அதன் உடலில் தங்கி அதற்கே காவலாகிறது. அப்பூச்சியை ஒருமுறை தின்று கசப்பை உணர்ந்த பறவை மறுமுறை அதனைத் தீண்டாது. செடி கட்டிய கோட்டையையே பூச்சி தனக்கு வீடாக்கிக்கொண்டது! இவ்வாறு செடி ஒரு பூட்டுச் செய்ய, பூச்சி ஒரு திறவுகோல் செய்ய, செடி வேறொரு பூட்டுச் செய்ய, இரண்டும் ஒன்றையொன்று உருவாக்கி வந்திருக்கின்றன. பூவின் நிறமும் மணமும் இந்த நெடிய உறவில் வளர்ந்தவை. இலையின் காரமும் கசப்பும், நாம் மருந்தாகப் பயன்படுத்தும் பல மூலிகைகளின் சாரமும் அவ்வாறே. பூச்சி இல்லாத உலகில் மல்லிகை மணத்திருக்குமா? ஐயந்தான்.

பகையும் நட்பும் கலந்த நிகழ்ச்சி ஒன்றையும் கூறுவேன். ஐரோப்பாவில் வாழும் பருத்த வண்டுத்தேனீக்கள், பூக்கள் இன்னும் மலராத காலத்தில் மகரந்தம் இன்றி வாடும்பொழுது, செடிகளின் இலைகளில் சிறு துளைகள் இடுகின்றன. அத்துளைகளால் இரை எதுவும் அவற்றிற்குக் கிடைப்பதில்லை. ஆனால் துளைபட்ட செடிகள் விரைவில் பூக்கின்றன. தக்காளிச் செடிகள் ஒரு திங்கள் வரையில் முன்னதாகவே பூத்தன என்று 2020ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவர்கள் தாமே கருவியால் அத்தகைய துளைகளை இட்டுப் பார்த்தனர். தேனீ இட்ட அளவிற்குப் பயன் கிட்டவில்லை. இலையில் துளை கண்டவுடன் நஞ்சைத் தேடும் மனிதன், அத்துளை எதற்காக என்று ஒரு கணம் நின்று எண்ண வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

இனி, இவ்வுறவில் மனிதன் அறியாமல் குறுக்கிட்டதன் விளைவை நோக்குவோம். நெற்பயிருக்குப் புகையான் என்னும் சிறு தத்துப்பூச்சியால் உண்டாகும் கேட்டை நம் உழவர் நன்கு அறிவர். அது தூரின் அடியில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். பயிர் தீய்ந்தாற்போல் வட்ட வட்டமாகக் காய்ந்துவிடும். ஆனால் நெற்பயிரும் தன் பகையை அறியும். புகையான் தாக்கிய பயிர் ஒரு மணத்தை வெளியிட, புகையானின் முட்டைகளை அழிக்கும் மிகச் சிறிய குளவி அதனை நாடி வருகிறது என்று ஆராய்ந்து கண்டுள்ளனர். வயலில் ஓடித் திரியும் சிலந்திகளும் நாவாய்ப் பூச்சிகளும் புகையானையும் அதன் முட்டையையும் உண்கின்றன. பயிருக்கு இவ்வளவு காவலர் உண்டு.

இக்காவலரை அறியாமல் நாம் என்ன செய்தோம்? பூச்சியைக் கண்டதும் வயல் முழுவதும் நஞ்சைத் தெளித்தோம். மேலே திரிந்த சிலந்தி செத்தது. மணத்தைக் கேட்டு உதவிக்கு வந்த குளவி செத்தது. இலையுறைக்குள் பொதிந்திருந்த புகையானின் முட்டையோ பிழைத்துக்கொண்டது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு வயலில் பகையே இல்லை. முன்னினும் பன்மடங்காக அவை பெருகின. மீண்டும் நஞ்சு, மீண்டும் பெருக்கம். காவலரைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தவன், திருடர் மிகுந்துவிட்டனர் என்று வருந்துவதில் பொருள் உண்டோ?

இந்தோனேசியா நாடு இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. அங்கே அரசே பூச்சிக்கொல்லியின் விலையில் பெரும்பகுதியை ஏற்று, உழவர்க்கு மலிவாக வழங்கி வந்தது. தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகிற்று. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை பிறப்பித்தார். நெல்வயலில் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவ்வாணை. சில ஆண்டுகளில் மலிவு விலையும் நிறுத்தப்பட்டது. உழவர்க்கு வயலையே பள்ளியாக்கி, எது நட்பு, எது பகை என்று நேரில் காட்டிக் கற்பித்தனர். நெல் விளைச்சல் வீழ்ந்துவிடும் என்று அஞ்சியவர் பலர். விளைச்சல் வீழவில்லை. நஞ்சின் செலவு மட்டும் குறைந்தது.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 2008ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி என்னும் புதுப்பகை தோன்றிற்று. மெக்சிகோ நாட்டுப் பக்கத்திலிருந்து எவ்வாறோ வந்து சேர்ந்த அது, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி முதலிய பயிர்களில் வெண்மாவு படிந்தாற்போல் அப்பிக்கொண்டு அவற்றைப் பாழாக்கிற்று. மெழுகுப் போர்வை அதற்குக் கவசமாக இருந்தமையால், தெளித்த நஞ்சு போதிய பயன் தரவில்லை. தன் நாட்டில் அதற்கு இயற்கைப் பகை இருந்தது, இங்கு இல்லை. ஆகவே 2010ஆம் ஆண்டில் அதன் பகையாகிய ஒட்டுண்ணிக் குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வருவித்து, ஆராய்ந்து, பெருக்கித் தோட்டங்களில் விட்டனர். நஞ்சு சாதிக்காததை அச்சிறு குளவிகள் சாதித்தன. பப்பாளித் தோட்டங்கள் மீண்டும் தழைத்தன.

இவ்வாறு கூறுவதால், எக்காலத்தும் பூச்சிக்கொல்லியே கூடாது என்று நான் வாதிடுவதாக எண்ணற்க. வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்து வரும்பொழுது, செடியின் மணமும் சிலந்தியின் வலையும் போதா. பயிர் முற்றிலும் அழிந்தால் உழவன் குடும்பம் பட்டினி கிடக்கும். கடன்பட்டு உழுதவனிடம் சென்று, இயற்கை பார்த்துக்கொள்ளும், நீ கவலைப்படாதே என்று கூறுவது அறமாகாது. ஆனால் நோய் இன்னது என்று அறிந்து, அளவறிந்து கொடுப்பதே மருந்து. அறியாமல் கொடுப்பது நஞ்சு. நாமோ பூச்சிக்கொல்லிக்கே பூச்சி மருந்து என்று பெயர் சூட்டி, அப்பெயரிலேயே மயங்கிவிட்டோம். வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பார்த்து, பகை எத்தனை, காவலர் எத்தனை என்று எண்ணி, சேதம் எல்லை கடக்கும்பொழுது மட்டும், வேண்டிய இடத்தில் மட்டும் தெளிப்பதே அறிவுடைமை. அறிஞர்கள் இன்று வற்புறுத்துவதும் அம்முறையே.

மாணவர்களே! இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்களுள் பலர் உழவர் மக்கள். ஏனையோர் வீட்டிலும் ஒரு முருங்கையோ, கறிவேப்பிலையோ, தொட்டியில் ஒரு துளசியோ இருக்கும். நாள்தோறும் கால்மணி நேரம் அச்செடியின் முன் அமைதியாக நின்று பாருங்கள். எப்பூச்சி வருகிறது, எதற்காக வருகிறது, எங்கே முட்டை இடுகிறது, அதனைத் தின்ன எது வருகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கறிவேப்பிலையில் ஒரு பச்சைப் புழுவைக் கண்டால் உடனே நசுக்கிவிடாதீர்கள். அது நாளை அழகிய வண்ணத்துப்பூச்சியாகி, வேறொரு செடியின் பூவிற்குத் தூது செல்லக்கூடும். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை சில இலைகளே.

செடி பேசுகிறது, பூச்சி மறுமொழி கூறுகிறது. அவ்வுரையாடல் நம் மொழியில் இல்லை. மணத்திலும் சுவையிலும் நிறத்திலும் அதிர்விலும் நிகழ்கிறது. நாம் உண்ணும் கனியும் காயும் பெரும்பாலும் அவ்வுரையாடலின் பயன்கள். இருவர் பேசிக்கொண்டிருக்கும்பொழுது, செய்தி இன்னது என்று அறியாமல் இடையே புகுந்து ஒருவரை அடிப்பது பண்பாகுமா? முதலில் கேட்போம், பின்பு அறிவோம், அதன்பின் வேண்டுமாயின் கையை ஓங்குவோம்.

இனி ஒருமுறை அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்க்க நேரும்பொழுது, அதனுள் சிறு பூச்சி இருந்தால், சொத்தை என்று முகம் சுளிக்காதீர்கள். எவரும் காணாத பூவை அது தேடிக் கண்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.